22 மாதக் கணக்கு

வனவிலங்குப் பூங்காக்கள் வெளியிடும் செய்திகளுள் பார்வையாளர் பெரிதும் வியக்காமல் கடந்துபோவது, இன்ன பிடி இன்ன வாரத்தில் கன்று ஈனும் என்ற அறிவிப்பு. பசு சினையாக இருப்பதை வயிற்றைப் பார்த்தே சொல்லிப் பழகிய கண்ணுக்கு அந்தப் பிடியிடம் எந்த மாற்றமும் தென்படுவதில்லை. அருகில் நிற்கும் சினையற்ற பிடியின் வயிறும் அதே பருமனில்தான் இருக்கிறது. காரணம் எளிய விகிதக் கணக்கு. ஏறத்தாழ 400 கிலோ எடையுள்ள பசு 30 கிலோ கன்றைச் சுமக்கும்போது தன் எடையில் பதின்மூன்றில் ஒரு பங்கைச் சுமக்கிறது. ஆனால் 3,000 கிலோ எடையுள்ள ஆசியப் பிடி சுமக்கும் 100 கிலோ கன்று அதன் எடையில் முப்பதில் ஒரு பங்குதான். மேலும், வளர்ந்த யானை நாளொன்றுக்கு 100 முதல் 150 கிலோ வரை தீவனம் தின்று, 100 லிட்டருக்கு மேல் நீரும் குடிப்பதால், ஒரே நாளில் அதன் வயிற்றுக்குள் போய்வரும் எடையே கன்றின் எடையை மிஞ்சிவிடுகிறது. கண்ணுக்கு எதுவும் தெரியாத இந்த உடலில், 22 மாதம் நீளும் கர்ப்பத்தின் முடிவு நாளைச் சில நாள் துல்லியத்துக்குக் கணிக்க முடிவது எவ்வாறு என்பதே இங்கு விளக்கப்பட வேண்டிய புதிர்.

யானையின் கர்ப்பகாலம் பெரும்பாலும் 640 முதல் 660 நாள் வரை அமைகிறது என்பதால், கருவுற்ற நாள் தெரிந்தால் மீதி வெறும் கூட்டல் கணக்கு என்று தோன்றலாம். ஆனால் அந்த முதல் நாள்தான் நெடுங்காலம் எவருக்கும் பிடிபடாமல் இருந்தது. முதுமலையின் தெப்பக்காடு போன்ற தென்னிந்திய முகாம்களில் யானைகளை இரவில் காட்டில் மேயவிடுவது வழக்கமாதலால், முகாம் பிடிகள் அங்கே காட்டுக் களிறுகளோடு இணைந்து சினையாவது இயல்பாக நடந்துவந்தது. கன்று பிறந்த நாள் பதிவேட்டில் இருக்கும், கருவுற்ற நாள் இருக்காது. ராமன் சுகுமாரும் யானை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியும் மற்றோரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய வனத்துறைப் பதிவேடுகளைக் கொண்டே தென்னிந்திய வளர்ப்பு யானைகளின் பிறப்பு, இறப்பு விகிதங்களைக் கணித்தது. பாகர்களுக்குத் தெரிந்த அடையாளம் ஒன்றுண்டு: முன்னங்கால்களுக்கு இடையே உள்ள இரு மடிகளும் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பருத்து வரும். ஈற்று நெருங்கிவிட்டது என்பதை அது சொல்லும்; நாளைச் சொல்லாது.

அந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை அமெரிக்காவின் போர்ட்லாந்து உயிரியல் பூங்கா 1962-இல் உணர்ந்தது. பெல் என்ற ஆசியப் பிடி விரைவில் ஈனும் எனக் கருதி அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே மருத்துவரும் பணியாளரும் இரவுபகலாகக் காவலிருக்கத் தொடங்கினர், செய்தியாளர்களும் கூடினர், வாரங்கள் கழிந்தும் எதுவும் நடக்காமல், இறுதியில் ஏப்ரல் 14 அன்றுதான் பேக்கி என்ற களிற்றுக் கன்று பிறந்தது. மேற்கு அரைக்கோளத்தில் 44 ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்த முதல் யானைப் பிறப்பு என்பதால், ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய அனுபவமும் அவர்களிடம் இல்லை. பின்னாளில் இதே பூங்காவின் யானைகளிடமிருந்தே விடையின் முதற்பகுதி கிடைத்தது.

விடை குருதியில் இருந்தது. இன்று யானை வளர்க்கும் நல்ல பூங்காக்களில், கம்பித் தடுப்பின் ஒரு புறம் பணியாளரும் மறுபுறம் யானையும் நிற்க, பழத்துண்டுக்காகக் காதைத் தடுப்பின் திறப்பு வழியே நீட்ட யானை பழக்கப்படுத்தப்படுகிறது. செவிமடலின் பின்புறத்துச் சிரையிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை சிறிது குருதி எடுக்கப்படுகிறது. குளிப்பாட்டல், பாதப் பராமரிப்பு, தீவனம் என்று நகரும் அன்றாட வேலைகளுக்கிடையே சில நிமிடங்களில் முடிந்துவிடும் இந்த வேலைதான், பத்து இருபது ஆண்டுகள் தொடரும்போது, ஒரு பிடியின் உடலுக்குள் நடப்பதன் வரைபடமாகிறது. அதில் அளக்கப்படுபவை ஹார்மோன்கள், அதாவது ஓர் உறுப்பில் சுரந்து குருதி வழியே சென்று வேறோர் உறுப்பை இயக்கும் இயக்குநீர்கள். முட்டை வெளியேறியபின் அண்டகத்தில் எஞ்சும் திசு மஞ்சள் திரள் எனப்படும் சுரப்பியாக மாறி, கருப்பையைக் கர்ப்பத்துக்கு ஆயத்தப்படுத்தும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. கருத்தரிக்காவிடில் திரள் சுருங்கி அந்த அளவு விழுகிறது. ஆகவே புரோஜெஸ்டிரோன் ஏறி இறங்குவதைத் தொடர்ந்து அளந்தால் சினைச் சுழற்சியின் நீளம் தெரிந்துவிடும்.

சிக்கல் என்னவெனில், இந்த ஹார்மோன்கள் குருதியில் இருக்கும் அளவு, ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில்தான் இருக்கும். அதை அளப்பதற்கான வழியை ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் 1950-களில் கண்டனர். யாலோவுக்கு 1977-இல் நோபல் பரிசு கிடைத்தது. 50 இருக்கைகள் உள்ள ஒரு பேருந்தில் ஏற மஞ்சள் சட்டையணிந்த 50 பேரும், எண்ணிக்கை தெரியாத வேறு பலரும் ஒரே நேரத்தில் முண்டியடிப்பதாகக் கொள்ளலாம். எல்லோருக்கும் இடம்பிடிக்கும் வாய்ப்பு சமம் என்றால், வண்டி கிளம்பியபின் உட்கார்ந்திருக்கும் மஞ்சள் சட்டைக்காரர்களை மட்டும் எண்ணினால் போதும்: அவர்கள் 25 பேர் என்றால் மற்றவர்களும் 50 பேர் வந்திருந்தனர், 10 பேர்தான் என்றால் மற்றவர்கள் 200 பேர். சோதனைக் குழாயில் இருக்கைகளாக இருப்பவை, குறிப்பிட்ட ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் என்னும் புரதங்கள். மஞ்சள் சட்டைக்காரர்கள், கதிரியக்க அடையாளமிட்டு அறிந்த அளவில் சேர்க்கப்படும் அதே ஹார்மோன். எண்ணிக்கை தெரியாதவர்கள், யானையின் குருதியில் உள்ள ஹார்மோன். இருக்கையில் மிஞ்சும் கதிரியக்கம் குறையக் குறைய, குருதியில் ஹார்மோன் கூடுதலாக இருக்கிறது என்று பொருள். இன்று பெரும்பாலும் கதிரியக்கத்துக்குப் பதிலாக நிறமாற்றம் தரும் நொதிகள் பயன்பட்டாலும் தத்துவம் அதுவே.

இந்த முறை யானைக்குப் பொருத்தப்பட்டபோது விசித்திரமான முரண்பாடு ஒன்று எழுந்தது. இலங்கையில் வளர்ப்பு யானைகளை ஆராய்ந்த ஜைனுதீனும் உடனாய்வாளர்களும், நடத்தையையும் புற அடையாளங்களையும் கொண்டு, ஆசிய யானையின் சினைச் சுழற்சி ஏறத்தாழ 22 நாள் என்று 1971-இல் எழுதியிருந்தனர். பசுவுக்கு 21 நாள் என்பதால் அது நம்பத்தக்கதாகவும் தோன்றியது. ஆனால் போர்ட்லாந்து பிடிகளின் குருதியை வாரந்தோறும் சோதித்த ஆய்வாளர்கள் 1983-இல் காட்டிய சுழற்சியோ ஏறத்தாழ 16 வாரம். வேறொரு குழப்பமும் கூடவே இருந்தது: யானையின் குருதியில் புரோஜெஸ்டிரோன் மற்றப் பாலூட்டிகளோடு ஒப்பிட மிகவும் குறைவு. யானையின் மஞ்சள் திரள் முதன்மையாகச் சுரப்பது புரோஜெஸ்டிரோனையன்று, சிறு வேதிமாற்றம் பெற்ற அதன் உறவுப் பொருள்களை என்பது பின்னரே விளங்கியது. முந்தைய சோதனைகள் வெற்றி பெற்றதற்குக் காரணம், அவற்றின் எதிர்ப்பொருள்கள் முழுமையான தேர்வுத்திறன் இல்லாதவையாக இருந்து, அந்த உறவுப் பொருள்களுக்கும் இடமளித்துவிட்டதுதான். கருவியின் குறை ஆய்வைக் காப்பாற்றிய இத்தகைய நிகழ்வுகள் அறிவியலில் பலரும் எண்ணுவதைவிட அதிகம்.

22 நாளும் 16 வாரமும் எப்படி ஒரே விலங்குக்குப் பொருந்தும் என்பதற்கான விளக்கம் 1990-களில் வந்தது. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, லூட்டினைசிங் ஹார்மோன், சுருக்கமாக எல்.எச்., என்பதைத் திடீரென்று பெருமளவில் வெளியிடும்போதுதான் அண்டகத்திலிருந்து முட்டை வெளியேறும். பிற பாலூட்டிகளில் ஒரு சுழற்சிக்கு ஒரு எல்.எச். உச்சம். ஆனால் தினந்தோறும் குருதி எடுத்துப் பார்த்தபோது யானையிடம் இரண்டு உச்சங்கள் ஏறத்தாழ மூன்று வார இடைவெளியில் தோன்றின: முதல் உச்சத்தில் முட்டை வெளியேறுவதில்லை, இரண்டாவதில் மட்டுமே வெளியேறுகிறது. 1996-இல் ஆப்பிரிக்க யானைகளில் விவரிக்கப்பட்ட இந்த இரட்டை உச்சம் ஆசிய யானைகளிலும் இருப்பதை, ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஜானைன் பிரவுனும் பிறரும் உறுதிசெய்தனர். பழைய ஆய்வாளர்கள் கண்ட மூன்று வாரக் கணக்கு பிழையான கவனிப்பன்று, இரு உச்சங்களுக்கு இடைப்பட்ட காலமே முழுச் சுழற்சியாகத் தோன்றியிருக்கலாம் என்று கருத இடமுண்டு.

முட்டையே வெளியேறாத முதல் உச்சம் எதற்கு என்ற கேள்விக்குக் கருதுகோள்களே உள்ளன. களிறு கூட்டத்தோடு வாழ்வதில்லை. பிடிகளை நாடி நெடுந்தொலைவு நடந்து வர வேண்டும். முட்டை வெளியேறுவதற்கு முந்தைய வாரங்களில் பிடியின் சிறுநீரில் படிப்படியாக மிகும் ஒரு பொருளை லாயிஸ் ராஸ்முசனின் குழு 1996-இல் அடையாளம் கண்டபோது, அது 100-க்கும் மேற்பட்ட பூச்சியினங்கள், பெரும்பாலும் விட்டில்கள், இணையை அழைக்கப் பயன்படுத்தும் அதே ஃபெரோமோன், அதாவது ஓர் உயிர் மற்றோர் உயிருக்கு விடுக்கும் வேதிச் செய்தி, எனத் தெரிந்தது. களிறு துதிக்கை நுனியால் சிறுநீரைத் தொட்டு, வாயின் மேலண்ணத்தில் உள்ள தனி நுகர்வு உறுப்பில் வைத்து அதைப் படித்தறிகிறது. முதல் உச்சம் இந்த முன்னறிவிப்போடு இணைந்தது என்பது ஒரு கருத்து. கர்ப்பத்துக்குத் தேவையான சுரப்புத் திசுவை முன்கூட்டியே கூட்டி வைப்பது அது என்பது மற்றொன்று. மீயொலிப் படங்கள், முதல் உச்சத்துக்குப் பின் சில முட்டைப்பைகள் வெடிக்காமலேயே மஞ்சள் திரள்களாகத் திரிவதைக் காட்டுவதால் இக்கருத்துக்கு வலுக் கூடுதல்.

காரணம் எதுவாயினும், பூங்காக்களுக்கு அது பெரும் பயன் தந்தது. முதல் உச்சம் குருதியில் தென்பட்ட நாளிலிருந்து மூன்று வாரம் எண்ணினால் கருவுறும் நாள் கிடைக்கும். அதற்குள் எங்கோ தொலைவில் உள்ள களிற்றின் விந்தை வரவழைத்துச் செயற்கைக் கருவூட்டலுக்கு ஏற்பாடு செய்யலாம். பிடியின் பிறப்புறுப்புப் பாதை ஒரு மீட்டருக்கும் மேல் நீள்வதால், பெர்லினைச் சேர்ந்த தாமஸ் ஹில்டபிராண்டின் குழு அகநோக்கியையும் மீயொலிக் கருவியையும் இணைத்துத் தனி முறையை வகுக்க வேண்டியிருந்தது. செயற்கைக் கருவூட்டலால் உருவான முதல் ஆசிய யானைக் கன்று 1999 நவம்பரில் அமெரிக்காவின் டிக்கர்சன் பூங்காவில் பிறந்தது.

கருவுற்ற நாள் இவ்வாறு கிடைத்தபின், கர்ப்பம் நிலைத்ததா என்பதையும் வாரக் குருதியே சொல்கிறது. வழக்கமான சுழற்சியில் சில வாரங்கள் உயர்ந்திருந்து விழ வேண்டிய புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோன், மூன்று மாதம் கடந்தும் விழவில்லையென்றால் சினை என்று கொள்ளலாம். ஐந்து, ஆறு மாதத்துக்குப் பின் புரோலாக்டின் என்ற மற்றொரு ஹார்மோனின் அளவு எகிறுவது அதை உறுதிப்படுத்துகிறது. தடித்த தோல் மீயொலியைத் தடுப்பதால், மருத்துவர் நீண்ட கையுறையணிந்து மலக்குடல் வழியே கருவியைச் செலுத்தித்தான் கருவைப் பார்க்கிறார். கன்று வளர்ந்து வயிற்றின் ஆழத்துக்கு இறங்கியபின் அந்த வழியும் பயன்படாது. ஒரு மஞ்சள் திரள் 22 மாதம் தாக்குப்பிடிப்பது எப்படி என்பது நெடுநாள் விளங்காதிருந்தது. 17 யானைகளைத் தொடர்ந்து ஆராய்ந்து இம்கே லூடெர்சும் பிறரும் 2012-இல் வெளியிட்ட முடிவுப்படி, கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் புதிய திரள்களின் தொகுதி ஒன்று உருவாகி, கன்று பிறக்கும்வரை அதுவே சுரந்துகொண்டிருக்கிறது.

கர்ப்பகாலத்தின் கடைசி வாரங்களில் குருதி அன்றாடம் எடுக்கப்படுகிறது, ஏனெனில் எதிர்பார்க்கும் அறிகுறி திடீரென்று வரும்: 22 மாதம் உயர்ந்தே நின்ற ஹார்மோன் அளவு அடித்தளத்துக்கு விழுந்தால், இரண்டு முதல் ஐந்து நாளுக்குள் ஈற்று. 1962-இல் பல வாரம் நீண்ட காவலை இந்த ஒரு வீழ்ச்சி சில இரவுகளாகச் சுருக்கிவிட்டது. முன்பெல்லாம் ஈனும் பிடியைத் தனியே சங்கிலியிட்டு நிறுத்துவது வழக்கமாயிருந்தது; பிறப்பைக் கண்டே அறியாத தலைச்சன் ஈற்றுப் பிடிகள், காலடியில் திடீரென்று விழுந்த கன்றைத் தாக்கியதும் உண்டு. இப்போது மூத்த பிடிகள் உடனிருக்கக் கூட்டத்துக்குள்ளேயே ஈனவிடுவதை விரும்பும் பூங்காக்கள் பெருகியுள்ளன. கன்று ஒரு மணி நேரத்துக்குள் எழ முயல்கிறது; துதிக்கையைச் சுருட்டி ஒதுக்கி வாயால் பால் குடிக்கிறது; அந்தத் துதிக்கையால் நீரை உறிஞ்சி வாயில் விடக் கற்றுக்கொள்ள மாதங்கள் ஆகின்றன; இலைதழையைச் செரிக்கும் நுண்ணுயிர்களைப் பெறத் தாயின் சாணத்தைத் தின்கிறது. பார்வையாளர் ரசிக்கும் காலம் இதுதான்.

பூங்காவினர் அஞ்சும் காலம் ஓராண்டுக்குப் பின் தொடங்குகிறது. வாஷிங்டன் தேசிய உயிரியல் பூங்காவில், இலங்கையிலிருந்து வந்த சாந்தி என்ற பிடி 1993-இல் ஈன்ற குமாரி, 1995-இல் 16 மாதக் கன்றாக இருக்கையில் திடீரென்று இறந்தது. அதன் உடலை ஆராய்ந்ததன் வழியே, இரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தாக்கி உள்ளே குருதி கசியச் செய்யும் ஒரு ஹெர்ப்பிஸ் வைரஸ் அடையாளம் காணப்பட்டு, 1999-இல் விவரிக்கப்பட்டது. இ.இ.எச்.வி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அது வளர்ந்த யானைகளின் உடலில் தீங்கின்றி உறைந்திருந்து, அவ்வப்போது துதிக்கைச் சளியில் வெளிப்படுகிறது. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள்கள் கரைந்து, தன்னுடைய எதிர்ப்புத்திறன் இன்னும் உருவாகாத கன்றுகளை, பெரும்பாலும் ஒன்று முதல் எட்டு வயதுக்குள், அது தாக்குகிறது. சோர்வோ முகவீக்கமோ கண்ணுக்குத் தெரிந்தபின் ஓரிரு நாளில் கன்று இறந்துவிடக்கூடும். இது பூங்காக்களில் மட்டும் உள்ள நோய் என்ற எண்ணமும் நீடிக்கவில்லை: தென்னிந்தியாவில் காட்டுக் கன்றுகளும் தாயிழந்த கன்றுகளும் இதே வைரஸால் இறந்ததை அருண் சக்கரியாவும் பிறரும் 2013-இல் வெளியிட்டனர்.

வைரஸின் மரபுப்பொருளைப் பன்மடங்கு பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனை, அறிகுறிகள் தோன்றுவதற்குச் சில நாள் முன்பே குருதியில் அதைக் காட்டிவிடுவதால், கன்றும் தாயைப் போலவே காதை நீட்டப் பழக்கப்படுகிறது. வாரச் சோதனையில் வைரஸ் ஏறுவது தெரிந்த உடனே மருந்தும், நல்ல யானையிலிருந்து பெற்ற குருதி நீர்மமும் செலுத்தப்படுகின்றன. 2024-இல் ஹியூஸ்டன் பூங்காவில் டெஸ் என்ற 40 வயதுப் பிடிக்கு இந்த வைரஸுக்கான எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி முதன்முதலாகப் போடப்பட்டது.

இத்தனை நுட்பங்களும் பூங்கா யானைகளின் நிலையைச் செம்மைப்படுத்திவிட்டன என்று கொண்டால் அது பெரும் பிழையாகும். ஐரோப்பிய உயிரியல் பூங்காக்களின் பதிவுகளை ரோஸ் கிளப், ஜார்ஜியா மேசன் உள்ளிட்டோர் ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டபோது, அங்கே பிறந்த ஆசியப் பிடிகளின் இடைநிலை வாழ்நாள் 18.9 ஆண்டு என்றும், மியான்மரில் மரமிழுக்கும் பிடிகளுக்கு அது 41.7 ஆண்டு என்றும் தெரியவந்தது. அதைவிடக் கவலைக்குரியது, இளமையில் பிடித்துக் கொண்டுவரப்பட்டவற்றைவிடப் பூங்காவிலேயே பிறந்தவை விரைவில் இறந்தன என்ற முடிவு. பாதிப்பு கருவிலோ பிறந்த சில ஆண்டுகளிலோ தொடங்கியிருக்க வேண்டும் என்பதே அதன் உட்பொருள். தாய்களின் மிகைப்பருமனும், தாயையும் மகளையும் பிரித்து வேறு பூங்காவுக்கு அனுப்பும் பழைய வழக்கமும் அதன்பின் கடுமையாக விமர்சிக்கப்பட்டன.

வாரக் குருதி காட்டிய இன்னொரு செய்தியும் இனிதன்று. பல பிடிகளின் வரைபடத்தில் ஏற்ற இறக்கமே இல்லை. அவை சினைப்பருவத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டன. காட்டில் வாழும் பிடி பெரும்பாலான காலத்தைச் சினையாகவோ பாலூட்டிக்கொண்டோ கழிப்பதால், அதன் வாழ்நாளில் வெறுமையான சுழற்சிகள் சிலவே. பூங்காவில் களிறின்றி வளரும் பிடிக்கோ ஆண்டுக்கு மூன்று சுழற்சி வீதம் ஆண்டுக்கணக்கில் வீணாகிறது. இவ்வாறு தொடரும் சுழற்சிகள் கருப்பையில் கட்டிகளையும் நீர்ப்பைகளையும் தோற்றுவித்து, இனப்பெருக்க உறுப்புகளை வயதுக்கு முன்பே முதுமையடையச் செய்கின்றன என்பது ஹில்டபிராண்டு குழுவின் விளக்கம். எனவே முதல் கன்றை இளமையிலேயே ஈனச் செய்வது இன்றைய நடைமுறையாகியிருக்கிறது. அதன் விளைவு வேறிடத்தில் வந்து நிற்கிறது: பிறப்பவற்றில் ஏறத்தாழப் பாதி களிறுகள், பருவம் எய்தும் களிறு தாய்க்கூட்டத்தை விட்டு விலகுவது இயல்பு, மதம் பிடிக்கும் வயதில் அதை அடைக்க வலுவான தனிக் கொட்டடி வேண்டும். ஆகவே இளங்களிறுகளை மட்டும் சேர்த்து வளர்க்கும் பூங்காக்கள் தோன்றியுள்ளன. ஆயினும் இடம் போதவில்லை என்பதால், ஒரு பிடிக்குக் கருவூட்டும் நாளைக் குறிக்கும்போதே, பிறப்பது களிறானால் சில ஆண்டுகள் கழித்து அது எங்கே போகும் என்பதையும் பூங்காக்கள் கலந்து முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.